சிறுபாலத்தில் ஒன்பது நிமிடம்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. காந்தலில் எங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்குவதற்குள் மூன்று முறை வாசலுக்குப் போய் வந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் பைக் பந்தயத்தின் கடைசி நாளில், கீழ் கோத்தகிரி எஸ்டேட் மண்பாதையில், ஒரு சிறுபாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பைக்காராவில் தொடங்கி இரண்டு நாள், முந்நூறு கிலோமீட்டர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒன்பது பேர் ஆரம்பித்த பந்தயம். அப்போதெல்லாம் முதலில் வருபவர்தான் ஜெயிப்பார். எஸ்டேட் பாதையில் தலைதெறிக்கப் பறந்த ஒருவன், தேயிலை மூட்டையோடு நடந்த பேச்சியக்காவை இடிக்கப் பார்த்தான். தொழிலாளர்கள் பாதையை மறித்துவிட்டார்கள். மறு வருடமே விதி மாறியது. ஆள் நடமாட்டமில்லாத சரிவுகளில் மட்டும்தான் வேகத்துக்கு மதிப்பு. எஸ்டேட் பாதைகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அந்த நிமிடத்தில்தான் மஞ்சள் பலகையைத் தாண்டி, நேரம் பதியும் மேசைக்கு வர வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் பத்து வினாடி தண்டம். ஒரு நிமிடம் முந்தினால் முழுதாக ஒரு நிமிடம் தண்டம். என்னை மனதில் வைத்தே எழுதியிருப்பார்கள் போல.

கடைசி மேசையில் என் நேரம் மதியம் ஒரு மணி நான்கு நிமிடம். வேகப் பகுதிகள் முடிந்துவிட்டன. இரண்டாம் இடத்திலிருந்த குன்னூர் ஜினோவைவிட முப்பத்தொரு வினாடி முன்னால் இருந்தேன். ஜெயிப்பவருக்குக் கோவைப் பந்தயக் குழு ஒன்று ஒரு வருடம் ஓட்ட வண்டி தரும். என் வண்டி இனி ஒரு பந்தயம் தாங்காது.

காலையில் விழுந்ததில் கைக்கடிகாரம் நொறுங்கியிருந்தது. செல்போனுக்கு அனுமதி இல்லை. பலகை அடுத்த வளைவுக்கு அப்பால். அதைப் பார்த்துவிட்டால் என் கை சும்மா இருக்காது என்றுதான் இங்கேயே நின்றேன்.

எஸ்டேட் ஃபேக்டரியில் ஒரு மணிச் சைரன் ஊதியது. அந்த ஆபீசில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். சாப்பிடப் போனவர்கள் சீக்கிரம் திரும்பட்டும் என்று சைரனை ஐந்து நிமிடம் முந்தியே ஊதுவார்கள். அங்கே சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும். அப்படியென்றால் இப்போது பன்னிரண்டு ஐம்பத்தைந்து, இன்னும் ஒன்பது நிமிடம். ஒன்றிலிருந்து அறுபது வரை எண்ண ஆரம்பித்தேன். கால் தானாக ஆடியது. கிளட்சைப் பிடித்தேன், விட்டேன், மறுபடி பிடித்தேன்.

நான்கு அறுபது முடிந்தபோது ஜினோ வந்து நின்றான். அவன் நேரம் எனக்கு அடுத்த நிமிடம்.

"ஏனுங்க ஷாயிஸ்தாக்கா, இங்க எதுக்கு நிக்கிறீங்க? உங்க நிமிசம் வந்துருச்சுங்க, உள்ள போங்க." கடிகாரத்தையும் நீட்டினான்.

என் கணக்குப்படி இப்போது உள்ளே போனால் ஐந்து நிமிடம் தண்டம், வண்டி அவனுக்கு.

"கடிகாரத்தத் திருப்பி வெக்க ரொம்ப நேரமாகுமா? திருட்டுப்பயலே, போடா!"

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். வளைவுக்கு அப்பால் ஒளிந்து நின்று நான் ஏமாறுவதைப் பார்க்கக் காத்திருப்பான் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மிச்ச ஐந்தையும் எண்ணினேன். வாழ்நாளில் இவ்வளவு பொறுமையாக நான் இருந்ததே இல்லை.

மேசையில் இருந்த லிஜி என் அட்டையில் ஒன்று ஒன்பது என்று எழுதினாள்.

"அஞ்சு நிமிசம் லேட்டுங்க."

"சைரன்..."

"ரேஸுக்காக மேனேஜர் இன்னிக்கு சைரனச் சரி பண்ணச் சொல்லிட்டாருங்க."

ஐம்பது வினாடி. பத்தொன்பது வினாடியில் தோற்றேன்.

ஜினோ டீ குடித்துக்கொண்டிருந்தான். நேரே போனேன்.

"நீ சொன்னதக் கேட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். தெரியுமில்ல உனக்கு?"

"தெரியுமுங்கக்கா. முப்பத்தோரு செகண்டு. காலைல இருந்து எனக்கு அதே நெனப்புதான்."

"அப்புறம் எதுக்குடா சொன்னே?"

"உங்க நிமிசம் வந்துருச்சு, நீங்க நின்னுட்டு இருந்தீங்க. சொல்லாம எப்படிங்க போறது?"

அவனைத் திட்ட ஒரு காரணமாவது கிடைக்காதா என்று மனசு அலைந்தது. கிடைக்கவில்லை.