ஒன்றாம் நம்பர் டிஸ்க்

1

இறந்துபோன ஒருத்தியின் குரலுக்கு என்ன விலை தெரியுமா? ஒரு பரீட்சைக் கட்டணம். அதுவும் முன்பணமாக. குரல் கிடைத்தால் கிடைத்தது; கிடைக்காவிட்டால் பணம் திரும்பாது.

இந்த விலை ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் என் காதில் விழுந்தது. நான் ஒரு சார்ஜருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மனிதர், நாற்பத்தைந்தைத் தாண்டியவர், துணியில் சுற்றிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"இதுல என்ன சார் இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"பேச்சு."

"யாரு பேசினது?"

"வீட்ல."

"அவங்களையே மறுபடி பேசச் சொல்லி ரெக்கார்டு பண்ணிக்கலாமே. செலவு மிச்சம்."

வந்தவர் டிஸ்கின்மேல் துணியை இழுத்து மூடினார். கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு விலையைச் சொன்னார். விலையைத் தாழ்த்தவில்லை.

"அது பரீட்சைக்கு வச்சிருக்கற பணம். யோசிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லி வந்தவர் டிஸ்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கடைத்தெருவில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டாலே பேரம் நடக்கும். விலை கேட்டுவிட்டுப் பேரம் பேசாமல் போகிறவன் ஒன்று பணக்காரன், இல்லையென்றால் மனம் விட்டுப்போனவன். அவருடைய செருப்பைப் பார்த்தேன். பணக்காரர் இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கிடங்கு மூடப்பட்ட அன்று பெய்த மழையில்'

விட்டுவிட்டேன். வேலை போகும்போதெல்லாம் மழை பெய்தால் ஊர் தாங்காது.

அப்புறம்: 'அவருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே பயம், ஆனால்'

இதுவும் பொய். ஜவுளிக் கிடங்கில் வருடக்கணக்காகக் கம்ப்யூட்டரில்தான் இருப்புக் கணக்கு பார்த்தார். அவருக்குப் பயமெல்லாம், போக இடமில்லாத காலை நேரத்தைக் கண்டுதான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கிடங்கு மூடியது. ஒரு கம்பெனியில், 'பிரிண்டர் ஓடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று போன் செய்கிறவர்களுக்கு வழி சொல்லும் வேலை இருந்தது. "சர்டிபிகேட்டோட வாங்க, வயசைப் பத்திக் கவலையில்ல" என்றார்கள். அதற்குத்தான் பரீட்சை, அதற்குத்தான் தடிமனான ஒரு புத்தகம். போன் செய்கிற கஸ்டமராக நடிக்க வீட்டிலேயே ஆள் இருந்தாள்: பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படிக்கிற மகள்.

"ஹலோ, என் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு."

"வணக்கம் மேடம். கரண்ட் வருதான்னு பாத்தீங்களா?"

"என்னைப் பாத்தா முட்டாள் மாதிரி தெரியுதா?"

"போன்ல எப்படிம்மா தெரியும்?"

"அப்பா! கஸ்டமரை நக்கல் பண்ணா மார்க் போயிடும். முதல்லேருந்து சொல்லு."

புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. 'நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்கக் கூடாது. 'கடைசியாக எப்போது சரியாக இருந்தது?' என்றுதான் கேட்க வேண்டும். போனில் பேசுகிறவர்மேல் பழி விழக் கூடாது.

3

நான்காம் பாடம்: டிஸ்கைத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவது. செய்துபார்க்காமல் அது கைவராது. அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க். ஒன்று பயிற்சிக்கென்று புதிதாக வாங்கிப் போட்டது. மற்றது பழையது.

கிடங்கில் பழகிய கை. சீட்டில் எந்த எண் இருக்கிறதோ அந்த எண்ணுள்ள மூட்டையைத்தான் எடுக்கும். புத்தகத்துப் படத்தில், பயிற்சிக்கான டிஸ்க் ஒன்றாம் நம்பர். அவரும் ஒன்று என்றே அடித்தார். அவர் வீட்டில் புதியது பூஜ்யம், பழையதுதான் ஒன்று. துடைத்து முடித்து, அதன்மேலேயே புதிதாக ஏற்றியும் விட்டார். ஒரு பிழையும் வரவில்லை. கை தட்டிக்கொண்டார் என்றுகூட எழுதினேன். [அடித்துவிட்டேன். அவ்வளவு கொடுமை வேண்டாம்.]

பழைய டிஸ்கில் மகளின் ஏழாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் இருந்தது. படி என்றால் படிக்கமாட்டாள், கேட்கச் சொன்னால் கேட்பாள் என்று அம்மா புத்தகம் முழுவதையும் வாசித்துப் பதிவு செய்திருந்தாள். அரசர்களின் பெயர்களுக்கு நடுவே ஒரு தும்மல். "நகத்தைக் கடிக்காத." "இரு, பைப்புல தண்ணி வந்துடுச்சு." அவள் போனபிறகு, அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டேதான் மகள் தூங்குவாள். வேறு எதிலும் அந்தக் குரல் இல்லை.*

* காப்பி எடுத்து வைப்பது எப்படி என்பது ஒன்பதாம் பாடம். பாடங்களை இந்த வரிசையில் அடுக்கிய புண்ணியவானை நான் எங்காவது பார்த்தால் கேட்பேன்.

4

இந்த இடத்தில், மகளுக்கு எதுவும் தெரியாது என்று வைத்து எழுதினேன். கேட்கும்போதெல்லாம் அப்பா "ஸ்பீக்கர் ரிப்பேரும்மா" என்று சமாளிக்கிறார். கதை சுகமாக ஓடியது. ஆனால் அந்தப் பெண் எனக்கு ஒத்துவரவில்லை. தினமும் அப்பாவுக்குக் கஸ்டமராக நடித்து நடித்து அவளுக்கும் பாதிப் புத்தகம் மனப்பாடம். ஸ்பீக்கர் கதையை அவள் எப்படி நம்புவாள்? ஆகவே, கடையிலிருந்து அவர் வீடு திரும்பிய மாலையை மாற்றி எழுதுகிறேன். டிஸ்க் பைக்குள்ளேயே இருக்கிறது.

5

"ஹலோ, ஹெல்ப் டெஸ்க்கா?"

"இன்னிக்கு வேண்டாம்மா. தலைவலி."

"கஸ்டமர்கிட்ட தலைவலின்னு சொல்வீங்களா சார்?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வணக்கம் மேடம். சொல்லுங்க."

"ஒரு ஃபோல்டரைக் காணோம்."

"பேரு என்ன மேடம்?"

"ஏழாங்கிளாஸ் வரலாறு."

பேச்சு நின்றுபோனால் என்ன சொல்ல வேண்டும் என்பதும் புத்தகத்தில் இருந்தது. அதைத்தான் சொன்னார். "கொஞ்சம் லைன்ல இருங்க மேடம்."

"லைன்லதான் இருக்கேன். போன வாரத்துலேருந்து லைன்லதான் இருக்கேன்."

"கடைசியா எப்ப… சரியா இருந்துது?"

"நீங்க நாலாம் பாடம் படிக்கறதுக்கு முந்தின நாள்."

"நான்தாம்மா அழிச்சேன்."

"யாரு அழிச்சாங்கன்னு நான் கேக்கல. திரும்பக் கிடைக்குமா? பொய் சொல்லாதீங்க சார்."

'கிடைத்துவிடும்' என்ற சொல் அவர் நாக்குவரை வந்தது. ஒரு அப்பா அதைச் சொல்லியிருப்பார். அவர் சொன்னது: "உறுதியா சொல்ல முடியாது மேடம்."

போன் மாதிரி காதில் வைத்திருந்த கையை அவள் எடுக்கவில்லை. "கம்ப்ளைண்ட் நம்பர் குடுங்க" என்றபோதுதான் குரல் உடைந்தது.

6

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. கடைக்காரர் அந்தத் தும்மலை மட்டும் மீட்டுத் தருகிறார்: எழுதிப் பார்த்தேன், நானே அழுதுவிட்டேன், அதனாலேயே சந்தேகப்பட்டுக் கிழித்துப்போட்டேன். அவர் பரீட்சையில் தேறி, வேலையில் முதல் நாள் வருகிற முதல் போனில், புகைப்படங்கள் அழிந்துபோய்விட்டன என்று ஒரு பெண்

வேண்டாம், இது சினிமா. மூன்றாவதில், பணத்தை எங்கே கட்டுவதென்று மகளே சொல்கிறாள்: அந்தச் சின்னத் தலையில் இதையும் ஏன் கட்ட வேண்டும்?

பணம் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. பரீட்சைக்குக் கட்ட நாளைதான் கடைசி நாள். கடைக்காரர் காலையிலேயே திறந்துவிடுவார். அப்பாவை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டேன். அதற்குமேல் எந்தப் பக்கம் திருப்பினாலும் என் கை வரமாட்டேன் என்கிறது. நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும்.

ஹெல்ப் டெஸ்க் வேலையில் இருக்கிறவர்கள், எழுந்து போகுமுன் அன்றைய கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டுமாம். அவருக்குப் பதிலாக நான் சொல்லிவிடுகிறேன்.

வந்த அழைப்பு: ஒன்று. 

தீர்த்து வைத்தது: இல்லை. 

பாக்கி: ஒன்று.