நிறம் மாறாத தண்ணீர்

என் கணவர் செய்தது மன்னிக்கக்கூடிய குற்றமல்ல. என் பிறந்த வீட்டார் மொத்தப் பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, நான் குறட்டை விடுவதை நடித்துக் காட்டினார். சிரித்த சிரிப்பில் என் தம்பிக்குப் புரையேறிவிட்டது. அன்றோடு வாயைப் பூட்டிக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். அவரும் வீம்புக்கு இறங்கி வரவில்லை.

சிக்கல் என்னவென்றால், இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. குடியிருப்பின் உப்புநீர் நீச்சல்குளம் காலையில் என் பொறுப்பு, மாலையில் அவர் பொறுப்பு. தண்ணீரில் கரைத்த உப்பிலிருந்து ஒரு மெஷின் தானாகக் குளோரின் தயாரிக்கும். பம்பு ஓடும் நேரத்தில்தான் அதுவும் ஓடும். எதை மாற்றினாலும் சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவோம். அந்த வாரம் சாப்பாடு மட்டும்தான் நடந்தது.

சனிக்கிழமை என் நாத்தனார் குளத்தில் இறங்குவதாக இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு தண்ணீர்ப் பக்கமே தலைகாட்டவில்லை. டாக்டர் நீந்தச் சொல்லியும் கேட்கவில்லை. முந்தின நாள் என்ன தோன்றியதோ, "நாளைக்கு இறங்குறேன். நாளைக்கு விட்டா, இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்றார். சொன்னால் சொன்னதுதான். அந்த வீட்டு ரத்தம் அப்படி.

காலையில் சோதனைக் குழாயில் குளத்து நீரை எடுத்து மருந்து விட்டேன். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். நிறமே இல்லை. மறுபடி பார்த்தேன், அதே கதைதான். குளோரின் இல்லாத தண்ணீரில் யாரையும் இறக்க முடியாது. அப்படியே ஊற்றிவிடலாம் என்று திரவக் குளோரின் கேனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து குனிந்தேன். மூக்கு எரிந்தது. கேனை நான் இன்னும் திறக்கவே இல்லை. நெடி குளத்திலிருந்து வந்தது.

மானம் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, மெஷினை எவ்வளவுல வெச்சீங்க?"

"அப்பாடா! வாயைத் திறந்துட்டா!"

"விளையாடாதீங்க. சொல்லுங்க."

"குளோரின் கம்மியா இருந்துச்சு. அதான் ரெண்டு மடங்கா ஏத்தி விட்டேன். ஏன்?"

"ஐயையோ! அதுக்குத்தான் நான் பம்பு ஓடுற நேரத்தை ரெண்டு மடங்காக்கினேன்!"

ஆளுக்கு ஒரு கை பார்த்ததில் மெஷின் நாலு மடங்கு குளோரினைத் தயாரித்திருக்கிறது. மனிதர் சட்டைப் பொத்தானை ஏறுமாறாக மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். கொஞ்சம் குளத்து நீரில் நிறைய பாட்டில் தண்ணீரைக் கலந்து மருந்து விட்டார். அடர்சிவப்பு! குளோரின் மிதமிஞ்சிப் போனால் மருந்தின் நிறத்தையே வெளுத்துவிடும்; நீர்க்க வைத்தால்தான் நிறம் தெரியும். இருவருக்கும் தெரிந்த பாடம்தான், பதற்றத்தில் எனக்கு மறந்துபோயிற்று.

"நல்லவேளை, கேனைக் கவுக்கல நீ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மெஷினை நிறுத்தினோம். பம்பை முழு வேகத்தில் ஓட விட்டோம். கொஞ்சம் நீரை வெளியேற்றிப் புதுநீர் விட்டு, குளோரினை அடக்கும் பொடியைத் தூவினோம். மீதியை வெயில் பார்த்துக்கொண்டது. ஒரு வாரப் பேச்சையும் அன்றைக்கே பேசித் தீர்த்தோம். குறட்டைக்கு மன்னிப்புக் கேட்டார். காதில் விழவில்லை என்று சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சாயங்காலம் குழாயில் அளவான இளஞ்சிவப்பு வந்தது. நாத்தனார் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"வேணாம்டா தம்பி. கை விட மாட்டேங்குது."

என் கணவர் தண்ணீரில் குதிக்கப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணி, அவசரமே இல்ல. நாங்க இங்கதான் இருக்கோம்."

வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு விரல், இன்னொரு விரல், கடைசியில் கையே கம்பியை விட்டது. முதலில் கோணலாகப் போனார். பாதிக் குளம் தாண்டியதும் உடம்புக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தார். இவர் விசும்பினார், நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

நாத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ரெண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்கிறீங்க? நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீங்க, அதைச் சொல்லுங்க."