தண்ணீர் நின்றால் வீட்டுக்கு

ரசமட்டம் என்று, தரையின் மட்டம் பார்க்கிற கருவியின் பெயரையே அவருக்கு வைத்தது கூட வேலை செய்தவர்கள். முப்பத்தெட்டு வருஷமாகத் தரைக்கு டைல்ஸ் போடுகிறவர். ஒரு நூல் ஏறினாலும் இறங்கினாலும் போகிற போக்கில் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் சும்மா விடுவாரா? போட்டவனின் ஏழு தலைமுறையையும் இழுத்து ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் மறு வேலை. "மாமாவுக்குத் தரை நேரா இருக்கணும், வாய் எப்படி வேணா போகலாம்" என்பான் மச்சினன். மனைவியின் தம்பி அவன். இருபது வருஷமாக அவரோடேயே வேலை செய்கிறவன், அதிகமாகத் திட்டு வாங்கியவனும் அவன்தான்.

அப்பேர்ப்பட்ட ரசமட்டம், ஒரு வங்கியின் முன்கூடத்தில், மச்சினன் முந்தின நாள் போட்டு முடித்த வரிசையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்.

"என்னடா இது, கோடு நடுவுல வளைஞ்சு கிடக்கு?"

மச்சினன் குனிந்து பார்த்தான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "நேராத்தானே மாமா இருக்கு."

"எனக்கே பாடம் எடுக்கறியா? உடை."

பதினாலு டைல்ஸ். பிடித்துப்போன சிமென்ட். உளியும் சுத்தியலுமாக அரை நாள் உடைத்து, மிச்ச நாளில் மறுபடி போட்டார்கள். சாயங்காலம் ரசமட்டம் வந்து பார்த்தார். மறுபடியும் வளைந்திருந்தது. அவருக்கு வந்ததே கோபம்! தச்சர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் என்று பத்துப் பேர் நிற்கிற இடத்தில், உனக்குக் கை எதற்கு, கண் எதற்கு என்று கத்திவிட்டு, நீயே பார் என்று இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நூலை இழுத்துக் கட்டினார். கட்டிவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார்.

நூலும் வளைந்திருந்தது.

"நூலையும் நான்தான் வளைச்சேனா மாமா?" என்று கேட்டான் மச்சினன். சிமென்ட் கரண்டியைக் கழுவி வைத்தான், கையைத் துடைத்தான், போய்விட்டான். இருபது வருஷத்தில் அவன் பாதி வேலையில் போனது அன்றுதான்.

விறைப்பாக இழுத்துக் கட்டிய நூல் வளையாது. உலகத்தில் வேறு எது தெரியாவிட்டாலும் அது அவருக்குத் தெரியும். இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். நூல் நேராக நின்றது, நடுவில் மட்டும் மங்கல். வலது கண்ணைப் பொத்தினார். நூல் நடுவில் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் அழுக்குப் புகை மாதிரி ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. மனுஷன் பயந்துபோனார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

கண் டாக்டர் நல்லவர்தான். வெளியே ஐம்பது பேர் காத்திருந்தால் அவரும் என்ன செய்வார்? படம் எடுத்தார், விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது, வயதானால் சிலருக்கு வரும், வலது கண்ணில் மெதுவாகப் போகிற வகை, இடதில் கசிவு இருக்கிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள் என்று மடமடவென்று சொல்லி முடித்தார். "கண்ணுக்குள் ஊசி" என்பது வரைக்கும் ரசமட்டத்துக்குக் காது கேட்டது. அதற்கப்புறம் டாக்டரின் வாய் அசைந்ததுதான் தெரியும்.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சொட்டு மருந்துப் புட்டியோடு வந்தார். பெரியம்மா மகன் போனில் வீடியோ வீடியோவாக அனுப்பினான். ஒன்றில் ஆறு மாதத்தில் முழுக் குருடு, இன்னொன்றில் கேரட் தின்றால் சரியாகிவிடும். கான்ட்ராக்டரும் வந்து உட்கார்ந்து, "இத்தனை வருஷம் உழைச்சாச்சு, இனி வீட்ல நிம்மதியா இருங்களேன்" என்றார். மற்றதையெல்லாம் தாங்கிக்கொண்ட ரசமட்டத்துக்கு இந்த ஒரு வார்த்தை நெஞ்சில் குத்தியது. தரை போடாவிட்டால் தான் யார் என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

மருந்துச் சீட்டுப் பையைக் குடைந்துகொண்டிருந்த மனைவியின் கையில்தான் அந்தத் துண்டுத்தாள் அகப்பட்டது.

"ஏங்க, ஆஸ்பத்திரியில குடுத்த தாள். நடுப்பார்வை மங்கினவங்களுக்கு உதவின்னு போட்டு ஒரு போன் நம்பர் இருக்கு."

"எங்க, காட்டு."

"காட்டினா மட்டும்? எனக்கே தெரியல, எறும்பு சைஸுல அச்சடிச்சிருக்கான். கண்ணு தெரியாதவங்களுக்கு அடிக்கிற தாளை இப்படியா அடிப்பான், புத்திசாலி." திட்டிக்கொண்டே எண்களை ஒவ்வொன்றாகப் படித்து அவளே போட்டு, ஸ்பீக்கரையும் போட்டுக் கொடுத்தாள்.

எடுத்தவர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். அவருக்கே இந்த நோய் வந்து ஒன்பது வருஷமாம். அதைக் கேட்டதும் ரசமட்டம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முழுசா இருட்டாயிடுமா டீச்சர்?" டாக்டரிடம் கேட்க நா எழாத கேள்வி, முகம் தெரியாதவரிடம் சட்டென்று வந்துவிட்டது.

"இதனால மட்டும் முழுசா இருட்டாகாது சார். நடுவுல போகும், சுத்தி இருக்கறது நிக்கும். நான் இப்ப தனியா நடந்து கடைக்குப் போயிட்டு வந்துதான் உங்ககிட்ட பேசறேன்."

"அந்த ஊசி..."

"மரத்துப்போக சொட்டு விட்டுட்டுத்தான் போடுவாங்க. நான் பயந்ததுல பத்துல ஒரு பங்குகூட வலிக்கல. ஆனா தள்ளிப் போடக்கூடாது. கசிவை நிறுத்தி, இருக்கற பார்வையைக் காப்பாத்தத்தான் அது. ஒண்ணு போட்டுட்டு நின்னுடவும் கூடாது, டாக்டர் சொல்ற தேதிக்கெல்லாம் போகணும். சிகரெட் உண்டா?"

ரசமட்டம் தொண்டையைச் செருமினார். "உண்டு, நல்லாவே உண்டு" என்று சமையலறையிலிருந்து மனைவியின் பதில் போனது.

"அதை இன்னியோட விடுங்க, இதுக்கு அது பெரிய எதிரி. சொட்டு மருந்து, கேரட்டுன்னு யாராவது சொன்னா டாக்டரைக் கேக்காம தொடாதீங்க. அப்புறம் தினமும் ஒவ்வொரு கண்ணா மூடிக்கிட்டு கட்டம் போட்ட தாளைப் பாருங்க. புதுசா எங்கயாவது வளைஞ்சா அன்னிக்கே ஆஸ்பத்திரி."

"கட்டமா? என் வீட்டு பாத்ரூம் சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ் டீச்சர்."

"யார் போட்டது?"

"நான்தான்."

"அப்ப அதையே பாருங்க. டாக்டர் ஒத்துக்கிட்டா சரி." டீச்சர் சிரித்தார். பத்து நாளில் ரசமட்டமும் முதல் முறையாகச் சிரித்தார்.

கேட்க வேண்டிய கேள்விகளை டீச்சர் சொல்லச் சொல்ல மனைவி கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அந்தத் தாளோடு போனார்கள். டாக்டரும் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். கேட்டால் சொல்கிறவர்தான் போலிருக்கிறது. ஊசி போட்டாயிற்று. வெளியே வந்த ரசமட்டம், "இவ்வளவுதானா?" என்று சத்தமாகவே கேட்டு, வரிசையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த இரண்டு பேரின் வயிற்றில் பால் வார்த்தார்.

சனிக்கிழமைகளில் டீச்சர் நடத்துகிற, இதே நோய் வந்தவர்களின் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். பதினொரு பேர். முகம் பிடிபடாது என்பதால் உள்ளே நுழைகிறவர்கள் ஒவ்வொருவரும், "நான் பஸ் டிரைவர் வந்திருக்கேன்", "நான் தையல்காரம்மா" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். ஒருவர் காதை ஒருவர் பார்த்துப் பேசுவார்கள். நேரே பார்த்தால் புகைக்குள் போய்விடும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஆள் தெரிவார். அந்தத் தள்ளிப் பார்க்கிற பழக்கத்தை டீச்சர் ரசமட்டத்துக்கு இரண்டு மாதம் விடாமல் சொல்லிக்கொடுத்தார். "இந்த வயசுல ஓரக்கண்ணால பாக்கறதுக்கு டியூஷனா?" என்று மனைவி கேட்டபோது அவர் முகம் சிவந்தது.

ஊசிகளுக்குப் பிறகு இடது கண்ணின் வளைவு குறைந்தது. புகை போகவில்லை. ஆனால் பரவவும் இல்லை.

தெளிந்ததும் முதல் வேலையாக மச்சினன் வீட்டுக்குப் போனார். "கோடு நேராத்தான்டா இருந்துச்சு."

"எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா. பத்து பேர் முன்னாடி திட்டிட்டு, மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ள வெச்சுக் கேப்பீங்களா?"

நியாயம்தானே? மறுநாள் அதே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்குப் போய், தச்சர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் எல்லாரையும் வேலையை நிறுத்தச் சொல்லி, "என் மச்சினன் போட்டது நேர். என் கண்ணுதான் கோணல்" என்று அறிவித்தார். பெயின்டர் கை தட்டினார். மச்சினனுக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

அதோடு விடவில்லை. அதே வேகத்தில் மச்சினனையும் இழுத்துக்கொண்டு கான்ட்ராக்டரிடம் போனார். ஒரு தொழிற்சாலைக்கு ஐந்நூறு பேர் சாப்பிடுகிற சமையல்கூடம் கட்டி, தரை மட்டும் பாக்கி. சாதாரணத் தரை இல்லை. எந்த மூலையில் தண்ணீர் கொட்டினாலும் நடுவில் இருக்கிற வடிகாலுக்கு ஓட வேண்டும். நாலு பக்கத்திலிருந்தும் சரிவு. கூடினால் சமையல்காரன் வழுக்கி விழுவான், குறைந்தால் தண்ணீர் தேங்கும். நல்ல கண் உள்ளவர்களே கையெடுத்துக் கும்பிட்டு விலகுகிற வேலை.

"இதை நான் போடறேன்."

கான்ட்ராக்டர் அவரையும் மச்சினனையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. டேப்புல இருக்கற நம்பர் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. தண்ணிக்குத் தெரியும். முடிச்சதும் ஊத்திப் பாருங்க. ஒரு இடத்துல நின்னாலும் நான் வீட்டுக்குப் போயிடறேன், அப்புறம் வேலைன்னு வந்து நிக்க மாட்டேன்."

வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மச்சினன் வெளியே வந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஒன்பது நாள் வேலை. எண்களைப் படிக்க முடியாததால், வேண்டிய அளவுகளுக்கெல்லாம் மரக்குச்சிகளை மச்சினனை விட்டு வெட்டச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கத்தியால் கீறல் போட்டுக்கொண்டார். ஒரு கீறல் சுவரோரம், இரண்டு நடுவழி, மூன்று வடிகால். வெள்ளை நூலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கறுப்பு நூல் கட்டினார். வெளிறிய டைல்ஸின் மேல் அது ஓரப்பார்வைக்குப் பளிச்சென்று தெரிந்தது. கை விளக்கைத் தரையோடு தரையாகக் கிடத்தி, வெளிச்சம் எங்கே தடுக்கி நிழல் விழுகிறது என்று பார்த்தார். அதுவும் போதாதென்று விரல். இரண்டு டைல்ஸ் சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டினால் தலைமுடி அளவு ஏற்றமும் சிக்கியது. தினமும் கடைசியில் மச்சினன் டேப்பும் மட்டமும் வைத்துச் சரிபார்த்தான். அவன் ஒரு டைல்ஸைத் திருத்தச் சொன்னபோது ரசமட்டம் மறுபேச்சில்லாமல் பெயர்த்தார். "மாமா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான் அவன்.

வேலை முடிந்ததும் காய்வதற்கு இரண்டு நாள் கேட்டு வாங்கினார். அதற்கும் அடுத்த காலை கான்ட்ராக்டர் வந்தார். கூடவே எஞ்சினியர், நாலு பேர், எட்டு வாளித் தண்ணீர். ரசமட்டத்தின் மனைவியும் வந்து வாசலில் நின்றாள். வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை.

நாலு மூலையிலும் ஒரே நேரத்தில் கவிழ்த்தார்கள். ரசமட்டம் வடிகால் பக்கத்தில் நின்றார். தண்ணீர் வருவது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, வெளிச்சம் நகர்வது மாதிரி ஒரு அசைவுதான். ஆனால் காது நன்றாகக் கேட்டது. முதலில் ஒரு பக்கத்திலிருந்து சலசலப்பு, பிறகு மற்ற மூன்று பக்கத்திலிருந்தும். வடிகால் மூடியின் ஓட்டைகளில் தண்ணீர் விழுந்து விழுந்து களகளவென்று உள்ளே இறங்கியது. சத்தம் மெலிந்து சொட்டாகி நின்றது.

எஞ்சினியர் அடுப்பு மேடைக்குப் பின்னால் போய்க் குனிந்தார். தண்ணீர் தேங்கினால் அங்கேதான் தேங்கும், எல்லாருக்கும் தெரியும். உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார். இன்னொரு மூலைக்குப் போனார், அங்கேயும் தேய்த்தார். கான்ட்ராக்டர் சும்மா இருக்காமல் இன்னும் இரண்டு வாளியை ஒரே இடத்தில் கொட்டச் சொன்னார். அதுவும் ஓடி வந்து விழுந்தது.

"எங்கயும் நிக்கல சார்" என்றார் எஞ்சினியர்.

வாசலில் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மச்சினன் கத்தவும் இல்லை, குதிக்கவும் இல்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான், விடவே இல்லை. ரசமட்டத்துக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. முப்பத்தெட்டு வருஷத்தில் போட்ட அத்தனை தரையும் ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று அவருக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார்.

கான்ட்ராக்டர் பேன்ட்டின் நனைந்த விளிம்பை உதறிக்கொண்டு கிட்டே வந்தார். "அடுத்த மாசம் ஒரு ஆஸ்பத்திரி கிச்சன் இருக்கு. இதைவிடப் பெருசு. நீங்களேதான் போடணும்."

ரசமட்டம் அவர் காதைப் பார்த்தார். காதைப் பார்த்ததில் முகம் நன்றாகத் தெரிந்தது.

"போடறேன். பதினாலாம் தேதி மட்டும் வர மாட்டேன், அன்னிக்கு எனக்குக் கண்ணுல ஊசி."

கான்ட்ராக்டர் சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்துப் பதினாலாம் தேதிக்கு எதிரே 'வேலை இல்லை' என்று எழுதிக்கொண்டார்.