ஆலங்கட்டி விழுந்த வண்டி

ஆலங்கட்டி ஆள் பார்த்தா விழும்? பார்த்துத்தான் விழுந்தது என்று அறிவுச்செல்வி சாதிப்பாள். அவளைக் கேட்டால் அந்த மழைக்கும் அவள் மாமனார் மயில்சாமிக்கும் ஏதோ உள்கூட்டு இருந்தது.

எருமப்பட்டிக்குப் பக்கத்துத் தோட்டத்து வீடு. அன்று மாலை வானம் கறுத்துக்கொண்டு வந்ததும் வாசலில் நின்ற தன் காரை ஒதுக்கி நிறுத்த அவள் சாவியோடு ஓடினாள். தகரக் கொட்டகையில் மாமனாரின் கார் ஒன்றுதான் நின்றது, இன்னொன்றுக்குத் தாராளமாக இடம் உண்டு. மயில்சாமி கொட்டகைக் கதவை மறித்து நின்றுகொண்டார்.

“கண்டவன் வண்டியெல்லாம் என்ற கொட்டாய்க்குள்ள உடமாட்டேன் அம்மணி.”

அவர் வாயை மூடுவதற்குள் சடசடவென்று விழ ஆரம்பித்துவிட்டது. நெல்லிக்காய் நெல்லிக்காயாகக் கொட்டியது. மழை விட்டுப் போய்ப் பார்த்தால் காரின் கூரையிலும் பானெட்டிலும் குழி குழியாகச் சின்னச் சின்ன டொக்குகள். கண்ணாடி தப்பித்தது, பெயிண்டும் உரியவில்லை.

கண்டவன் வண்டி என்று அவர் சொன்னதில் பொய்யில்லை. சேலத்துக் கம்பெனி ஒன்றிடம் மூன்று வருட லீஸுக்கு எடுத்தது. கடன் போட்டுச் சொந்தமாகவே வாங்கியிருப்பாள், ஜாமீன் கையெழுத்துக்கு மாமனார் மாட்டேன் என்றார். புருசன் மோகன்குமார் அப்பாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டான். அப்பேர்ப்பட்ட வீரன். லீஸுக்கு அவள் கையெழுத்து ஒன்றே போதும் என்றார்கள். போட்டாள். அந்தக் காரில்தான் நான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிக்குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போடுகிறாள். தோட்டங்காடு உள்ள வீட்டு மருமகள் கோழிக்கு ஊசி போடப் போவதா என்று மயில்சாமிக்கு ஆறவே இல்லை. கார் போனால் அந்தப் பெண்கள் செட்டு கலைந்துவிடும், அவள் திரும்ப அடுப்படிக்கு வந்து சேர வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

உடனே போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினாள். அங்கே வேலை பார்க்கும் தீபிகா கூப்பிட்டுச் சொன்னாள். “சின்ன டொக்குதானுங்க மேடம், பயப்படாதீங்க. எங்க ஆளு வந்து உள்பக்கமா நெம்பி எடுத்துருவாரு. அதுவரைக்கும் வெளிப்பட்டறை ஆளு யாரும் கை வெக்கக் கூடாது. தட்டிப் பெயிண்ட் அடிச்சுட்டா அக்ரிமெண்டுப்படி வண்டியத் திருப்பி எடுத்துக்குவாங்க.”

சாப்பிடும்போது இதை வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மயில்சாமி ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் விடிகாலையில் ஊசிப் பெட்டியோடு வெளியே வந்தால், வாசலில் மாமனாரும் லாரி பாடி பட்டறை டிங்கர் பச்சமுத்துவும் நிற்கிறார்கள். பச்சமுத்துவின் கையில் சுத்தியல், காலடியில் பள்ளத்தை அடைக்கும் பட்டி டப்பா. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது ஒரு வியாதி. தகரத்தில் டொக்கைக் கண்டால் தட்டிப் பட்டி பூசிப் பெயிண்ட் அடிக்காமல் தூக்கம் வராது. ஆனால் மயில்சாமி அந்த வியாதியில் வரவழைக்கவில்லை. தெரிந்தே வரவழைத்தார்.

பச்சமுத்து காரைச் சுற்றி வந்தார். “ஏனுங்கய்யா, இது யாரு வண்டிங்க? ஓனரு சொல்லாம நான் கை வெக்க மாட்டனுங்க. பொறவு பஞ்சாயத்தாயிரும்.”

“யாரு வண்டியா? நம்மூட்டு வண்டிதான்! எவன் கேக்கறான், நீ தட்டு.”

மயில்சாமியின் குரலுக்குப் பக்கத்துத் தோட்டத்து வசந்தாமணி வேலியோரம் வந்துவிட்டாள். பால்காரரும் வண்டியை நிறுத்திவிட்டார்.

அறிவுச்செல்வி நேராகப் போய் ஊசிப் பெட்டியைப் பானெட்டின் மேல் வைத்துப் பக்கத்தில் சாய்ந்து நின்றாள். “தட்டறதுன்னா என்னையும் சேத்துத் தட்டுங்கண்ணா. தட்டுனா வண்டி போயிரும்னு நேத்தே சொன்னேன். மாமாவுக்கு நல்லாவே தெரியும்.”

“போனாப் போகட்டும்! ஊட்டுல சோத்துக்கா பஞ்சம்?” மயில்சாமிக்கு உண்மை வாயில் வந்துவிட்டது.

வாயில் பிரஷ்ஷோடு மோகன்குமார் எட்டிப் பார்த்தான். “உடு அறிவு, அப்பா நல்லதுக்குத்தான்...”

“நீங்க பல்ல வெளக்குங்க.”

பச்சமுத்து சுத்தியலைப் பைக்குள் போட்டார். “நான் வாரனுங்க” என்று சொல்லிவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். வேலியோரம் யாரோ சிரித்தார்கள். மயில்சாமிக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது.

“அப்படின்னா இன்னைக்கிருந்து இந்த வண்டி என்ற வாசல்ல நிக்கப்படாது, ஆமா!”

அறிவுச்செல்வி பெட்டியை எடுத்துப் பின் சீட்டில் வைத்தாள்.

“நிக்காதுங்க மாமா. சாயங்காலத்துல இருந்து கொட்டாய்க்குள்ளதான் நிக்கும். நம்மூட்டு வண்டின்னு இத்தன பேரு முன்னால நீங்கதானுங்க சொன்னீங்க. உங்க காரச் சித்த தள்ளி நிறுத்தி வெய்யுங்க.”

கதவைச் சாத்தினாள், வண்டியை எடுத்தாள். பால்காரர் வழிவிட்டு ஒதுங்கினார்.

பஸ் நிறுத்தத்தில் செட்டுப் பெண்கள் நான்கு பேரும் காத்திருந்தார்கள். கூரையைத் தடவிப் பார்த்த சௌந்திரம் பதறிப்போனாள். “ஐயோ அக்கா, என்னாச்சு?”

“மழை பேஞ்சுது. ஏறுங்கடி, நேரமாச்சு.”