ஒலிபெருக்கியில் அறிவித்த ஆறு மாதப் பங்கு

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. அன்றைக்குத் துக்க வீட்டில் வாசித்த பேண்டு மாதா கோயிலுடையதா, தீயணைப்புப் படையுடையதா என்பதிலேயே எனக்குக் குழப்பம். ரொட்டிக்கடை முதலாளி அமிசா எழுந்து நின்று கையசைத்தது மட்டும் நிச்சயம்.

எங்கள் கடற்கரை ஊரான கேப் கோஸ்டில் அவருடைய கடையில் பதினைந்து வருடமாக மாவு பிசைந்தவள் அராபா. எங்கள் ஊர்ப் பணம் சீடி; சம்பளத்தில் நூறு சீடிக்கு ஐந்தரை அவளிடம் பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காகப் பதிமூன்று போட்டு, இரண்டையும் சேர்த்துப் பென்ஷன் அலுவலகத்தில் கட்ட வேண்டும். நூற்றியெண்பது மாதம் கட்டியிருந்தால் அறுபது வயதிலிருந்து சாகும்வரை பென்ஷன். குறைந்தால் மொத்தமாக ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கைநீட்டி வந்து நிற்க அராபாவுக்கு மூன்று தம்பிகள். மொத்தத் தொகை ஒரு வாரம் தாங்காது.

அடுத்த மாதம் அவளுக்கு அறுபது. அலுவலகத்தில் வாங்கி வந்த தாளில் நூற்றி எழுபத்து நான்கு மாதம் என்று இருந்தது. தாளை அமிசாவின் மேசையில் வைத்தாள்.

"ஆறு மாசத்தைக் காணோம், முதலாளி."

"மாவு விலை ஏறிப்போச்சேக்கா."

"என்கிட்ட பிடிச்ச அஞ்சரை?"

"அதையும் மாவுலதான் போட்டேன்." அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார். "உங்க வீட்டுக்காரர் தவறினப்ப நான் என்ன செஞ்சேன், சொல்லுங்க."

"முந்நூறு நாற்காலிக்கு வாடகை கொடுத்தீங்க."

"அது பங்கு இல்லாம என்ன? மைக்குல சொன்னதை ஊரே கேட்டுச்சே!"

"நாற்காலி எல்லாம் அன்னிக்கு சாயங்காலமே திரும்பிப் போயிருச்சு, முதலாளி."

அடுப்பில் ரொட்டி சிவந்து, கருகத் தொடங்கியது; அராபா ஓடிப்போய்த் தட்டை வெளியே இழுத்தாள்.

புகார் கொடுக்கலாம். கொடுத்தால் கடைக்குப் பூட்டு விழும், அங்கே வேலை செய்யும் மற்ற எட்டுப் பேரும் தெருவில் நிற்பார்கள். அடுப்பருகே நின்றபோதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. அமிசா கஞ்சர் இல்லை. யாருக்கும் தெரியாமல் கொடுப்பதுதான் அவரால் முடியாத காரியம். துக்க வீட்டில் நூறு சீடி கொடுத்துவிட்டு, ஒலிபெருக்கியில் தன் பெயர் வரும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருப்பவர். அலுவலக ஜன்னலில் கட்டினால் யார் கைதட்டுவார்கள்?

சனிக்கிழமை மீன் வியாபாரி ஒருவரின் இறுதிச் சடங்கு. ஊரே கறுப்பும் சிவப்புமான துக்க உடையில் உட்கார்ந்திருந்தது. நன்கொடை மேசையருகே மைக்கோடு நின்று, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் அறிவித்தவன் ஈபோ; கையில் கொடுத்த எதையும் படிப்பவன். அராபா பத்து சீடியோடு ஒரு துண்டுத்தாளையும் நீட்டினாள்.

"என்ன ஆன்ட்டி இது? செத்தவருக்கா, உங்களுக்கா?"

"நீ படி. அமிசா பேருக்கு அடுத்ததா படி."

தாளைத் திருப்பி வாங்கிவிடக் கையை நீட்டினாள். வேலையும் போய்விட்டால்? அதற்குள் ஈபோவின் குரல் எழும்பிவிட்டது.

"திரு. அமிசா, ஐந்நூறு சீடி! அத்தோட விட்டாரா? தன் கடையில மாவு பிசையிற அராபாவோட வயசான காலத்துக்கு, நூத்துக்குப் பதிமூணு தன் பங்கு! ஆறு மாசத்துக்கும் சேர்த்துத் திங்கட்கிழமை கட்டுறார்! எந்த முதலாளி செய்வான் இப்படி?"

பெண்கள் கைதட்டி, கைக்குட்டையை ஆட்டினார்கள். பேண்டுக்காரர்கள் எதற்கென்று தெரியாமலே ஊதினார்கள். அமிசா எழுந்து, சுற்றிப் பார்த்து, கையசைத்தார்.

பிறகு நேராக அராபாவிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க வேலைதானே அக்கா?"

"ஆமா, முதலாளி."

"பதிமூணுன்னப்ப கைதட்டல் கொஞ்சம் கம்மியா இருந்துச்சோ?"

"பதிமூணுன்னா என்னன்னு பாதிப் பேருக்குத் தெரியாது."

அவர் யோசித்தார். "ஒன்பது பேருக்கும்னு சொன்னா தெரியுமா?"

"நல்லாவே தெரியும்."

"அப்ப அவனைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்க. ஒன்பதுன்னு அழுத்திச் சொல்லணும்."

திங்கட்கிழமை, விட்டுப்போன ஆறு மாதத்தையும் அபராதத்தோடு ஒன்பது பேருக்கும் கட்டினார். அடுத்த மாதமும் கட்டினார். அதையும் ஒரு துக்க வீட்டில் அறிவித்தார்கள்.

ஈபோ இப்போது டாக்கொராடி நகரில் ஒரு வானொலி நிலையத்தில் வேலை பார்க்கிறான். அமிசா கடையை மகளிடம் கொடுத்துவிட்டார். பென்ஷன் அலுவலகத்தில் தன் பெயரை மட்டும் அவர் கடைசிவரை பதிவு செய்துகொள்ளவில்லை, அதனால் அவருக்குப் பென்ஷன் கிடையாது. அராபாவுக்கு எழுபத்தொன்று. பென்ஷன் மாதாமாதம் வருகிறது. தம்பிகளும் மாதாமாதம் வருகிறார்கள்.