கனகா கொடுக்காத கை

ஒற்றைக் காலை ஊன்றி நாற்காலியிலிருந்து எழ முடியாமல் மகள் தொப்பென்று திரும்ப உட்கார்ந்ததைப் பார்த்ததும் கனகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடுகிற பெண் அவள். காவலர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டு, இன்னும் நாற்பது நாளில் நானூறு மீட்டர் ஓடிக் காட்ட வேண்டியவள். தினமும் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றுகிறவள். முட்டி வலிக்கிறது என்றுதான் கனகா அவளை இங்கே கூட்டி வந்தாள். நாற்காலியை விட்டு எழவே முடியாது என்று யார் கண்டார்கள்?

"இன்னொரு தரம் பாருங்க," என்றாள் பிசியோதெரபி பார்க்கும் பூர்ணிமா.

சண்முகப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து வெடவெடத்தது. மறுபடியும் தொப்.

"பாத்தீங்களா டாக்டரம்மா, முட்டி தேஞ்சேதான் போச்சு." கனகாவின் குரல் உடைந்துவிட்டது. "எல்லாத்தையும் நிறுத்திட்டு படுக்க வெச்சிடட்டுமா? ஓட்டத்தன்னிக்கி மட்டும் எழுந்து ஓடட்டும்."

பூர்ணிமா பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். "நீங்க கொஞ்சம் உக்காந்து எழுந்திருங்கம்மா. ஒத்தக் கால்ல."

"நானா?"

நாற்பத்தாறு வயதில் இதென்ன கூத்து என்று கனகாவுக்குக் கூச்சமாக இருந்தது. கையிலிருந்த ஒயர் கூடையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். எட்டு வரை எண்ணிவிட்டுப் பூர்ணிமா போதும் என்றாள். கனகாவுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. ப்ரியா பேயறைந்தவள் மாதிரி அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேலம்மா பாக்குறீங்க?"

"செராமிக் கம்பெனிலங்க. ஈர பொம்மைங்கள பலகையில அடுக்கி, காய வெக்கிற எடத்துக்குத் தூக்கிட்டுப் போவணும். பலகை ஆடிச்சின்னா பொம்மைக்கு மூக்கு கோணிக்கும். அதனால உக்காந்து, காலு பலத்துலதான் தூக்குறது. இருவது வருஷமாச்சு."

"ஒரு பலகை எத்தன கிலோ?"

"பதினஞ்சு, பதினாறு இருக்குங்க."

பூர்ணிமா தலையாட்டினாள். "உங்க பொண்ணுக்கு முட்டி தேயல. தொடையிலயும் இடுப்புலயும் பலமே இல்ல. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டி ஒண்டியா பாரத்தத் தாங்குது, அதான் வலிக்குது. ஓட்டத்த கொஞ்சம் கொறச்சிக்கிட்டு, வெயிட்டு வெச்சி உக்காந்து எழுந்திருக்கணும், படி ஏறணும். வாரத்துக்கு மூணு நாளு."

"வெயிட்டா? பொம்பளப் புள்ள வெயிட்டு தூக்குனா வயித்துக்கு ஆவுமா?"

"நீங்க தூக்குறீங்களே?"

"அது வேலைங்க," என்றாள் கனகா. சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

"வூட்ல ப்ரியா என்னென்ன செய்வாங்க? தண்ணி தூக்குவாங்களா? தரையில உக்காந்து எழுந்திருப்பாங்களா?"

மகள் போலீஸ் ஆகப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து கனகா அவளை ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போட விட்டதில்லை. குடம் தன் இடுப்பில், துடைப்பம் தன் கையில். தரையில் உட்கார்ந்தால் முட்டி நோகும் என்று பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டு, சாப்பாட்டுத் தட்டை மடி வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். எழும்போதெல்லாம் கையைப் பிடித்துத் தூக்கியும் விட்டாள். ஓட்டத்துக்காகக் காலைச் சேர்த்து வைக்கிறாளாம்! கால் என்ன உண்டியலா?

"நான்தாங்க சோம்பேறி," என்று முந்திக்கொண்டாள் ப்ரியா. "அம்மா சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க. நான்தான் எதுவும் செய்யறதில்ல."

மகள் தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்பது கனகாவுக்கு இன்னும் பெரிய அடியாக இருந்தது.

"பொய் சொல்றா இவ. நான்தான் செய்ய விடல. எம்புள்ள கால நானே கெடுத்துட்டேன்."

"கெடலம்மா, பலம் வரும்," என்றாள் பூர்ணிமா. "ஒண்ணே ஒண்ணு. எழுந்திருக்கும்போது நீங்க கை குடுக்கவே கூடாது."

விளிம்பு உடைந்து கம்பெனியில் ஒதுக்கிப் போட்டிருந்த பொம்மை அச்சுகளில் ஒன்றைக் கனகா கேட்டு வாங்கி வந்தாள். மூன்று கிலோ இருக்கும். முதலில் வெறுங்கையோடு, பிறகு அச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ப்ரியா இரண்டு காலில் உட்கார்ந்து எழுந்தாள். மூன்றாவது வாரத்தில் மாடிப்படி ஏறும்போது வலி குறைந்தது. ஒற்றைக் கால்தான் எழ மறுத்தது.

ஓட்டத்துக்குப் பத்து நாள் இருக்கையில் ப்ரியா மறுபடி ஒற்றைக் காலில் முயன்றாள். பாதி எழுந்தவள் அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றாள். அவள் கை தானாக நீண்டது.

"கையக் குடும்மா."

கனகாவின் கை பாதி தூரம் போய்விட்டது. சட்டென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன்."

பெற்று வளர்த்த இருபத்து மூன்று வருஷத்தில் மகளிடம் அவள் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்குமே அதிர்ச்சியாகிவிட்டது. நீட்டிய கை அந்தரத்தில் நிற்க, ப்ரியாவின் கண் கலங்கியது. கனகாவுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. பிறகு அந்தக் கை மெல்ல மடங்கியது. முட்டி இந்த முறை உள்ளே சாயவில்லை. ப்ரியா எழுந்து நின்றாள்.

கனகா காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"அந்த அச்ச எடும்மா," என்றாள் ப்ரியா மூச்சு வாங்கிக்கொண்டே. "வெச்சிக்கிட்டு ஒரு தரம் பாக்குறேன்."

"நீயே போயி எடுத்துக்க," என்றாள் கனகா.