இருபது கனெக்‌ஷன்கள்

போன வாரம் அக்கா போன் செய்தாள்.

"உங்க பழைய வெப்சைட்டுக்கு வெள்ளிக்கிழமையோட கடைசிடி. புதுசு வந்தாச்சு. நிறுத்தும்போது நீயும் வா. அந்த 'அப்புறம்' தம்பியையும் வரச் சொல்லு, ஆளையே காணோம்."

அக்கா பெரிய மருத்துவமனையின் ரத்த வங்கியில் வேலை பார்க்கிறாள். பதினேழு வருடங்களுக்கு முன்பு, ரத்தம் கொடுக்க முன்வருகிறவர்களின் பட்டியலுக்காக அவளுடைய துறைக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தோம். நானும், அக்கா 'அப்புறம்' என்று சொன்ன அவரும்தான். எனக்கு அது முதல் வேலை.

எங்கள் ஆபீஸ் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. முன் அறையில் முதலாளி, பின் அறையில் நாங்கள். கீழே கண்ணாடி தீட்டும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் எங்கள் மேசை லேசாக நடுங்கும். டீ டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழும். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது நான் வேலை பார்க்கும் ஆறாவது மாடியில் எதுவுமே நடுங்குவதில்லை. சில நாள் மதியம் அந்த நடுக்கத்துக்காக ஏங்கிப் போகிறேன்.

சாப்பிடக் கூப்பிட்டாலும் சரி, செருப்பு வார் அறுந்தாலும் சரி, "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். 'அப்புறம்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஆனால் புரோகிராம் எழுத உட்கார்ந்துவிட்டால் அந்த மனுஷனே வேறு. ஒரு வரி இடறினாலும் விடமாட்டார்.

ரத்தம் கொடுப்பவர் ஒருவரைத் தேடினால் அவருடைய பெயர், போன் நம்பர், ரத்த வகை இவை மட்டும் டேட்டாபேஸிலிருந்து வரும்படி செய்திருந்தோம். எப்போதெல்லாம் ரத்தம் கொடுத்தார் என்ற விவரம் கூடவே வராது. யாராவது அதைப் பார்க்கும்போதுதான் புரோகிராம் மறுபடி போய் எடுத்து வரும். சோம்பேறித்தனமாக எடுப்பது, லேஸி லோடிங் என்பார்கள். "என்னைப் பாத்துதாங்க பேரு வச்சிருக்காங்க" என்று சிரிப்பார் அவர். ஆனால் மறுபடி போய்க் கேட்க, டேட்டாபேஸோடு நடக்கும் பேச்சு முடியாமல் இருக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பெயர் செஷன். அதை மூடிவிட்டால் கேட்க வழியில்லை.

நான் அதைச் சீக்கிரமே மூடியிருந்தேன். வெப்சைட் ஓட ஆரம்பித்த இரண்டாம் நாளே அக்கா கூப்பிட்டாள்.

"பேரு வருதுடி. கடைசியா எப்ப ரத்தம் குடுத்தாருன்னு பாக்கப் போனா, சிவப்பு எழுத்துல பக்கம் பூரா திட்டுது."

பக்கம் முழுக்கத் திரையில் வந்து முடியும்வரை செஷனைத் திறந்தே வைத்துவிட்டேன். பத்து நிமிட வேலை. சிவப்பு எழுத்து போய்விட்டது. அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இது சரியில்லைங்க. டேட்டாபேஸுக்கு ஒரே நேரத்துல மொத்தமே இருபது கனெக்‌ஷன்தான். ஒவ்வொரு பக்கமும் ஒண்ணைப் புடிச்சுக்கிட்டே நிக்கும். லிஸ்ட்ல இருநூறு பேர் இருந்தா, ஆளுக்கு ஒரு தடவைன்னு இருநூறு தடவை போய்க் கேக்கும். எல்லாத்தையும் ஒரே கேள்வியில எடுத்துட்டு செஷனை மூடிடலாம். இப்பவே பண்ணிடலாமா?"

அன்றைக்கு நானும் அக்காவும் சினிமாவுக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். கைப்பை தோளில் ஏறிவிட்டது.

"அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவர் பாணியிலேயே இழுத்துச் சொன்னேன். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். மறுவாரம் வேறு வேலைகள் வந்தன. இருவருமே மறந்துபோனோம்.

நான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஊருக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த மேம்பாலத்தில் ஒரு பகுதி ஒரு பேருந்தின் மேல் விழுந்தது. ரத்தம் தேவை, இந்த வெப்சைட்டைப் பாருங்கள் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஊரே திறந்து பார்த்தது. இருபது கனெக்‌ஷனும் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. மற்றவர்களெல்லாம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும்தான்.

"சுத்திக்கிட்டே இருக்குடி!" போனில் அவள் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை. "ஓ நெகட்டிவ் யாரு யாருன்னு எனக்கு இந்த நிமிஷம் வேணும். ஞாபகத்துல இருந்த மூணு பேருக்கும் அடிச்சுட்டேன். ரெண்டு பேர் எடுக்கல, ஒருத்தர் வெளியூர்ல இருக்காராம்."

சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். அரை நிமிடம் மூச்சுவிட்டது, மறுபடி அடைத்துக்கொண்டது. பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாக அடித்தேன்.

அவர் வெப்சைட்டை விட்டுவிட்டு, எங்களுக்கென்று தனியாக ஒதுக்கியிருந்த வழியில் நேரே டேட்டாபேஸுக்குள் போனார். ஒரே கேள்வியில் ஓ நெகட்டிவ் ஆட்களையும், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதியையும் சேர்த்து எடுத்தார். என் கையிலிருந்த போனை வாங்கினார்.

"அக்கா, பேனா எடுத்துக்கங்க. நிதானமா சொல்றேன்."

பதினோரு பெயர்கள், பதினோரு நம்பர்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னார். போனைத் தோளில் இடுக்கியபடியே, நான் திருத்தி எழுதிக்கொண்டிருந்த புரோகிராமை எட்டிப் பார்த்து, விட்டுப்போன ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். அன்றைக்கே செய்திருக்க வேண்டியதை நாற்பது நிமிடத்தில் செய்து முடித்தேன். வெப்சைட் எழுந்துகொண்டது. மதியத்துக்குள் அந்தப் பதினோரு பேரில் எட்டுப் பேர் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் முதல் ஆள் வந்து சேர்வதற்கு முன்பே பேருந்தில் கண்டக்டராக இருந்த அம்மாவுக்கு ரத்தம் தேவைப்பட்டது. அக்காவுக்கும் ஓ நெகட்டிவ்தான். ஆனால் ஒரு தடவை கொடுத்தால் மூன்று மாதமாவது போக வேண்டும்; அவள் கொடுத்து ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. டாக்டர் தயங்கியிருக்கிறார். "நாம பேசிட்டிருக்கிற நேரத்துல எடுத்திருக்கலாம்" என்று சொல்லிக் கையை நீட்டிவிட்டாளாம். கண்டக்டர் அம்மா பிழைத்துக்கொண்டார். அக்கா இரண்டு மாதம் வெளிறிப்போய்த் திரிந்தாள். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். எனக்குப் பாசிட்டிவ். அவளுக்கு மாதுளை உரித்துக் கொடுப்பதைத் தவிர நான் எதற்கும் உதவவில்லை.

மருத்துவமனையிலிருந்து புகார்க் கடிதம் வந்தது. முதலாளி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின் அறைக்கு வந்தார். "யாரு பண்ண வேலை இது?"

நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவர், "நான்தான் சார் கவனிச்சிருக்கணும்" என்றார்.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, போய்விடுமோ என்ற பயம். அன்று சாயங்காலம் படி இறங்கும்போது, "எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "பாத்தது நானும்தானே. ரெண்டு பேரும்தான் மறந்தோம்" என்று சொல்லிவிட்டு, கீழ்க்கடை வாசலில் நின்று ஒரு ஃபிரேமைப் போட்டுக் கண்ணாடியில் முகம் பார்த்தார்.

முதலாளி மருத்துவமனைக்கு எழுதிய பதிலைப் படித்துவிட்டு, பேருக்கு ஏற்ற வேலை என்று அக்கா என்னிடம் அவரைத் திட்டித் தீர்த்தாள். பிற்பாடு அது வீட்டில் ஒரு கேலியாகவே நிலைத்துவிட்டது. எந்த வெப்சைட் தாமதமானாலும், "உன் ஃபிரெண்டு எழுதினதா?" என்பாள். நானும் சிரிப்பேன். அவர் மறு வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டார். பதினேழு வருடம் சிரித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தார். காதோரம் நரை, லேசான தொப்பை. ரத்த வங்கியில் எங்கள் வெப்சைட்டின் பழைய பச்சைத் திரை முன்னால் மூவரும் உட்கார்ந்தோம். அக்கா ஓ நெகட்டிவ் என்று அடித்தாள். பட்டியல் சட்டென்று வந்தது.

"நல்லாத்தான் ஓடுது, தம்பி. அன்னைக்கு மட்டும் ஏன் அப்படிக் காலை வாரி விட்டீங்க?" என்று சிரித்தாள்.

"அக்கா" என்றேன். "அது இவர் இல்லை. நான். சரிபண்ணிடலாமான்னு இவர் அன்னைக்கே கேட்டார். நாம சினிமாவுக்குப் போகணும்னு நான்தான் தள்ளிப்போட்டேன். முதலாளி கேட்டப்பவும் வாயைத் திறக்கல."

அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"இத்தனை வருஷமா உங்களைத்தான் திட்டிட்டு இருந்திருக்கேன், தம்பி. ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க திட்டினது எனக்கு எங்கக்கா கேட்டுது?" என்றார் அவர். "நான் வேற ஊர்ல இல்ல இருந்தேன்."

அக்கா சிரித்தாள். சிரிப்பு முடிந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"சினிமா என்ன படம்டி?"

"ஞாபகம் இல்லக்கா."

"எனக்கும் இல்ல" என்றாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பத்தரைக்கு வெப்சைட்டை நிறுத்தினார்கள்; திரை இருண்டது. வெளியே பெஞ்சில் ரத்தம் கொடுக்க ஒருவர் வந்து காத்திருந்தார். அக்கா எழுந்து கை கழுவப் போனாள்.